பதினைந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி

முலாஞ்சே மலையிலிருந்து சிப்பரோனித் தூறல்
மூன்றாம் நாளாக இறங்கிக்கொண்டிருக்கிறது.
மருத்துவமனையின் மின் அறையில்
பழைய மீட்டரைக் கழற்றிய இடத்தில்
சுவர் சதுரமாக வெளுத்திருக்கிறது.

பழையவன் நல்ல மனுஷன்.
மாதம் ஒருமுறைதான் வாய் திறப்பான்,
அதுவும் ஒரே ஓர் எண்.
எவன் தின்றான், எவன் பட்டினி கிடந்தான்
என்று காட்டிக்கொடுத்ததில்லை.

புதியவனுக்குத் தூக்கமே இல்லை.
பதினைந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி,
வார்டுக்கு வார்டு.
புள்ளிகள் கோடாகி
தலைநகரில் யாரோ ஒருவரின் திரையிலும்
என் கைபேசியிலும்
ஏறி இறங்குகின்றன.

முதல் வாரமே சொன்னான்:
மூடிக் கிடக்கும் காசநோய் வார்டு
இரவும் பகலும் மின்சாரம் குடிக்கிறது.
சாவி யாரிடமும் இல்லை. பூட்டை உடைத்தேன்.
குளியலறைப் பரணில்
ஒரு கீசர், தொட்டால் சுடுகிறது.
ஆறு வருடம்
யாரும் குளிக்காத வெந்நீரை
ஆற விடாமல் காத்திருக்கிறது.

அந்த ஆறு வருடத்தில்தான்
ஷிரே ஆறு வற்றி ஊரே இருண்ட நாட்களில்
ஜெனரேட்டருக்கு டீசல் போதாமல்
டாக்டர் ம்வூலா
கைபேசி விளக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு
வயிறு தைத்தார்.

சுவிட்சை அணைத்தேன்.
கீசரின் வயிற்றோடு ஒட்டிக் குளிர்காய்ந்த பல்லி
தலையைத் திருப்பிப் பார்த்தது.
அதனிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டேன்.

இரண்டாவது கடிதம் ஜூலையில் வந்தது.
பிரசவ வார்டு. இரவு இரண்டு முதல் நான்கு.
வழக்கத்துக்கு மாறாக இரண்டு கிலோவாட்.
காரணத்தைத் தேர்ந்தெடுக்கவும்:
கசிவு. திருட்டு. வீண்.

இரண்டு மணிக்குப் போனேன்.
நர்ஸ் எனெலெசி
தன் வீட்டு ஹீட்டரைக் கொண்டுவந்து வைத்திருந்தாள்;
வயரின் காயத்துக்கு
மருத்துவமனைப் பிளாஸ்திரியே போட்டிருந்தாள்.
சுற்றிலும் ஐந்து தாய்மார்கள்,
சித்தெஞ்சேத் துணியால் நெஞ்சோடு இறுக்கிய பிள்ளைகள்.
கடைசிப் பிள்ளை ஆயிரத்து நூறு கிராம்.
நான் சட்டைப்பையில் போட்டுத் திரியும்
டெஸ்டரும் பிளையரும் சேர்ந்தால்
அதற்குமேல் இருக்கும்.

"அணைக்கப் போறியா?"
என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

பிளாஸ்திரியைப் பிரித்தேன்.
நல்ல வயராகப் போட்டேன்.
சுவரில் தனி பிளக், தனி பிரேக்கர்.
விடியக் கீசர் கணக்கை எடுத்துப் பார்த்தால்
இந்த அறையை வருடம் முழுக்கச் சூடாக்கினாலும்
மிச்சம் வருகிறது.
படிவத்தில் நான்காவது கட்டம் இல்லை.
மூன்றையும் காலியாக விட்டு அனுப்பினேன்.
பதில் வரவில்லை. வராதது
சம்மதமா மறதியா, தெரியாது.

அதன்பிறகு எனக்கொரு கெட்ட பழக்கம்.
இரண்டு மணிக்கு விழிப்பு வரும்.
போர்வைக்குள்ளேயே கைபேசியைப் பார்ப்பேன்.
கோடு ஏறும்.
ஏறியதும் தூங்கிப்போவேன்.

நேற்று ஏறவில்லை.
இரண்டே கால். இரண்டரை.
புள்ளி, புள்ளி,
தட்டையான ஒரு கோடு.
மருத்துவமனையில் பதினெட்டு வருடம் வேலை செய்தவனுக்கு
தட்டைக் கோடு என்றால்
வேறெதுவும் நினைவுக்கு வராது.
மற்ற வார்டுகளில் மின்சாரம் இருக்கிறது.
அப்படியானால்.

ஒன்பதாவது மணிக்கு எடுத்தாள்.
"ஹீட்டர்..." என்றேன்.
பின்னால் ஏதோவொரு பிள்ளை வீறிட்டது.
ஆயிரத்து நூறு கிராமுக்கு
அது கொஞ்சம் அதிகமான சத்தம்.

"இன்னிக்கு எங்கே குளிருது?" என்றாள்.
"கதவைத் திறந்து பார்க்கவே இல்லையா நீ?"

திறந்தேன்.
தூறல் எப்போதோ நின்றிருக்கிறது.
மூன்று வாரமாக இல்லாத மலை
முழுசாக நின்றுகொண்டிருந்தது,
யாரிடமும் சொல்லாமல்.